பின்நோக்கி எண்ணூறு மீட்டர்

வாரத்தில் ஐந்து நாள்
நாற்பது டன்னை இழுத்துப் போகிறவன் நான்.
டிரெஸ்டனிலிருந்து ராட்டர்டாம்,
ராட்டர்டாமிலிருந்து டிரெஸ்டன்.
சனிக்கிழமை என் எடை எண்பத்தெட்டு கிலோ.
சைக்கிளோடு சேர்த்தால் தொண்ணூற்றொன்பது.

தேவாலயத்துக்குப் பின்னால் தார் முடிகிறது.
முடிகிற இடத்தில் ஒரு கம்பம்:
கார்களுக்கு அனுமதியில்லை, இரண்டு மொழிகளில்.
மேலே ஜெர்மன், கீழே எங்கள் சோர்பியன்.
கீழே உள்ளதை யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்,
வாசிக்க முடிகிறது இன்னும்.

அதற்கப்பால் சரளை.
அகல டயருக்கு அடியில்
வறுகடலை மெல்லுகிற சத்தம்.

முதல் மூன்று கிலோமீட்டர்
இடது தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே போவேன்.
இல்லாத கண்ணாடியில் இல்லாத வண்டி.
பிர்ச் முடிந்து பைன் தொடங்கும் வளைவில்தான்
கழுத்து என்னுடையதாகும்.

பிறகு குளங்கள்.
கறுப்புக் குளம், பாதிரியார் குளம்,
வெட்டி முந்நூறு வருடமாகியும்
பெயர் மாறாத புதுக்குளம்.
இருபுறமும் நீர், நடுவே கரை,
கரைமேல் ஓக் மரங்கள்.
அன்று எதிரே வந்த போக்குவரத்து, மொத்தக் கணக்கு:
ஒரு தேரை, அவசரப்படாத தேரை.
ஒரு நீர்நாயின் முதுகு,
பாதையைக் கடக்க வந்து, யோசித்து, திரும்பிவிட்டது.
நாணலுக்கு மேலே கொக்குகள்
தெற்கு நோக்கி, ஹாரன் அடித்தபடி.

அக்டோபர் கடைசி.
புதுக்குளத்தின் மதகைத் திறந்து பத்து நாள்.
சேற்றின் நடுவே கைக்குட்டை அளவு நீர்,
அத்தனை கெண்டையும் அதற்குள், உலை கொதிப்பதுபோல.
மார்புவரை ரப்பர் மாட்டியவர்கள் வலையை இழுத்தார்கள்.
இது நான் எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது கரைமேல் நின்றது:
என் சனிக்கிழமைக்குக் குறுக்கே
ஒரு லாரி.

மூன்று தொட்டி மீன்.
ஒரு பின்சக்கரம் விளிம்புக்கு வெளியே அரைச்சாண்.
முன்னே உள்ள மரப்பாலம் இந்த எடையைத் தாங்காது;
ஃபோன் காட்டிய வழி அதைச் சொல்லவில்லை.
பையன் பெயர் பேனோ, வேலைக்கு வந்து ஒன்பது நாள்.
ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களில் ரத்தமில்லை.
குளத்துக்குப் பொறுப்பான வொர்ஷா
சேற்றுக் கையோடு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
தொட்டிக்குக் காற்றுவிடும் பம்ப் இருமியது.

போயிருக்கலாம்.
சைக்கிளைத் தோளில் போட்டு
லாரிக்கும் ஓக்குக்கும் இடையே நுழைந்து
ஒரு 'தோப்ரி ஜென்' சொல்லிவிட்டு.
சனிக்கிழமை நான் யாருக்கும் டிரைவர் இல்லை,
ஹான்ஜாவுக்குக்கூட. மளிகைக்கு அவள்தான் ஓட்டுகிறாள்.

ஆனால் கழுத்து
ஏற்கெனவே திரும்பி
இடது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'தள்ளி உட்கார்' என்றேன்.
சைக்கிள் ஷூவின் கட்டை பெடலில் வழுக்கியது.
கழற்றிப் போட்டுக் காலுறையோடு மிதித்தேன்.
எண்ணூறு மீட்டர், பின்நோக்கி.
ஒரு கண்ணாடியில் கறுப்புக் குளம், தளும்ப.
மறு கண்ணாடியில் புதுக்குளம், காலி.
எத்தனையோ முறை நான் மிதித்துக் கடந்த கரை
ஒவ்வொரு மரமாகக் கண்ணாடிக்குள் வந்தது:
மின்னல் பிளந்த ஓக்,
காளான் படிக்கட்டு வைத்த ஓக்,
யாரோ பெயர் செதுக்கி, மனம் மாறி, அழித்த ஓக்.
இந்தப் பாதையில் இத்தனை மெதுவாக
நான் போனதேயில்லை.
அறுநூறாவது மீட்டரில்தான்
பேனோ மூச்சுவிட்டான்.

கூலி ஒரு கெண்டை.
வேண்டாம் என்றால் வொர்ஷா விடமாட்டாள்.
ஈரச் சாக்கில் சுற்றி முதுகுப்பையில் திணித்தாள்.
'வீடுவரை உயிர் இருக்கும், சீக்கிரம் போ.'

தொண்ணூற்றொன்பதோடு இரண்டரை.
சக்கரத்துக்கு அடியில் ஒரு தாளம்,
முதுகில் வேறொரு தாளம்,
இரண்டும் சேரவேயில்லை.
பைன் முடிந்து பிர்ச் தொடங்கும் வளைவில்
அது ஒருமுறை பலமாக அடித்தது.
யாரோ முந்த வழி கேட்கிறார்கள் என்று
பிரேக் பிடித்து
ஓரமாக ஒதுங்கி நின்றேன்.